இழுக்கிற பக்கம்

"மேஸ்திரி, வண்டி இடது பக்கம் இழுக்குதுங்க," என்றான் ராக்கியண்ணன்.

சென்னியப்பன் பட்டறை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வாயிலிருந்து எடுக்காமலே வண்டியைப் பார்த்தார். மலையிலிருந்து ஆட்களையும் பலாப்பழத்தையும் இறக்குகிற பழைய ஜீப்.

"எப்போ இழுக்குது?"

"பிரேக் வேலை பாத்ததுக்கு அப்புறமுங்க."

"எப்போ இருந்துன்னு கேக்கலை. எப்போன்னு கேட்டேன்."

ராக்கியண்ணன் யோசித்தான்.

"பிரேக்ல கால் வெக்கறப்போ."

"வெக்காதப்போ?"

"நூல் புடிச்சாப்புல நேரா போகுதுங்க."

"டயர்ல காத்து?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணாட்டம் இருக்குதுங்க."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"இடது முன்சக்கரத்தைக் கழட்டுனேன். சுத்தம் பண்ணி மாட்டுனேன். இழுத்துச்சு. மறுபடி கழட்டுனேன். பிரேக் லைனிங்கைத் தேச்சு மாட்டுனேன். இழுத்துச்சு. இன்னைக்குக் காலையிலயும் அதைத்தான் கழட்டுனேன்."

"வலது பக்கம்?"

"அதுல ஒரு தப்பும் இல்லீங்களே. அதுபாட்டுக்கு அமைதியா இருக்குது."

சென்னியப்பன் மிச்ச டீயைக் குடித்தார்.

•

மலையடிவாரத்தில் பிரேக் வேலைக்கென்றே இருக்கும் பட்டறை அது. சென்னியப்பன் வயதில் சின்னவர். சீடனுக்குத்தான் தலை நரைத்திருந்தது. லாரி ஓட்டி அலுத்துப்போன பிறகு ராக்கியண்ணன் இங்கே வந்து தொழில் பழகினான். இப்போது அடுத்த ஊரில் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டிருக்கிறான். கை ஓடாதபோது மட்டும் மேஸ்திரி ஞாபகம் வரும்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பிரேக் வேலை பார்த்தவன்தான் அந்த வண்டியை முதல் இறக்கம் இறக்க வேண்டும். டிரைவர் பிறகுதான் ஏறுவார். இதை எங்கேயும் எழுதி மாட்டவில்லை. ஆனால் இதை மீறியவனிடம் மலைக்காரர்கள் வண்டியை விடுவதில்லை.

ராக்கியண்ணனும் மீறவில்லை. முதல் வளைவிலேயே ஜீப் இடது பக்கப் பாறையைப் பார்த்து ஓடியது. பயந்துபோய் மேஸ்திரியிடம் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

"மொகம் ஏன் இப்படிக் கெடக்குது?" என்றார் சென்னியப்பன். "வண்டிக்காகவா?"

"வீட்லயும் இதே ரோதனைதானுங்க."

"என்னாச்சு?"

"என்ற மகதான். கட்டிக் குடுத்த ஊர்ல இருந்து பஸ் மாறி பஸ் ஏறி வர்றா. வந்ததும் சண்டை. அவங்கம்மா கால்ல செருப்புக் கடிச்ச புண்ணு ஒண்ணு ஆறாம கெடக்குது. சக்கரை ஒடம்பு, மெதுவாத்தான் ஆறும். இவ உடனே கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போகோணுங்கறா. நீங்க பாக்கலைன்னா நான் தூக்கிட்டுப் போறேன்னு தெருவே கேக்கறாப்புல கத்தறா."

"பாத்தீங்களா?"

"எதைங்க?"

"புண்ணை."

"மருந்து வெச்சுத் துணி சுத்தித்தானுங்க இருக்குது. அவளும் இதையேதான் கேக்கறா. 'தொட்டாவது பாத்தீங்களா'ன்னு. பெத்தவனைப் பாத்துக் கேக்கற கேள்வியாங்க அது?"

"மகன் இருக்கறானே?"

ராக்கியண்ணனின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அவன் தங்கமுங்க. கூடவேதான் இருக்கறான். ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டான். அம்மா எப்படி இருக்குதுன்னா நல்லாருக்குதுங்கப்பாம்பான். அவனாட்டம் அவளும் இருந்தா வீடு வீடா இருக்கும்."

சென்னியப்பன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"இழுக்கற பக்கத்துக்கு ஒரு கும்பிடு போடுங்க," என்றார்.

"கும்பிடுங்களா?"

"போட்டுட்டு வண்டியைப் பாருங்க."

அவ்வளவுதான். உள்ளே போய் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

•

நம் பக்கத்தில் கும்பிடச் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எங்கே, எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பார்கள். ராக்கியண்ணன் அதையும் கேட்கவில்லை.

கொட்டகைக்குப் போனதும் இடது சக்கரத்துக்குச் சந்தனம் வைத்தான், குங்குமம் வைத்தான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். சூடம் கொளுத்திச் சுற்றினான். கண்ணை மூடி, மனசாரக் கும்பிட்டான்.

ஜீப்பை எடுத்தான்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது.

வண்டி இழுத்தது.

•

அன்று மத்தியானமே துளசிமணி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா கால்ல இருக்கற கட்டை யாரு கடைசியா அவுத்துப் பாத்தது? என்னைக்கு?"

தம்பி கிரிதரன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மாராத்தாள் கட்டிலில் படுத்தபடி, "வந்ததும் வராததுமா ஏன் அம்மிணி கத்தறே?" என்றாள்.

"நாறுது. உங்க யாருக்கும் மூக்கு இல்லையா? நான் வாடகைக் கார் டிரைவர்கிட்டச் சொல்லிட்டேன். கார் வருது. கூட்டிட்டுப் போறேன்."

"என்னைக் கேக்காம வீட்டுக்குக் காரா?" என்றான் ராக்கியண்ணன்.

"கேட்டா மட்டும் என்ன பண்ணிக் கிழிச்சீங்க?"

அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. ராக்கியண்ணனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காலையிலிருந்து அந்தச் சக்கரம் ஒருபுறம், இவள் ஒருபுறம்.

"இனி இந்த வாசப்படி மிதிக்காதே," என்றான். "உங்கம்மாவை நாங்க பாத்துக்கறோம். நீ உன்ற குடும்பத்தைப் பாரு."

துளசிமணி அம்மாவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வந்த காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். அழுதுகொண்டுதான் போனாள் என்று எதிர்வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

•

அதே கோபத்தோடு ராக்கியண்ணன் கொட்டகைக்கு வந்தான். இடது சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினான்.

ஓட்டிப் பார்த்தான். இழுப்பு குறைந்திருந்தது.

சபாஷ் என்று சொல்லிக்கொண்டான். இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். இன்னும் குறைந்தது. அப்புறம் நன்றாகவே தளர்த்தினான்.

இழுப்பு சுத்தமாக நின்றுபோயிற்று.

பெடல் மட்டும் முன்னைவிட ஆழமாகப் போயிற்று. கால் பழகிக்கொள்ளும் என்று விட்டுவிட்டான். லாரி ஓட்டின காலத்தில் இதைவிட மோசமான பெடலெல்லாம் மிதித்தவன்தானே அவன்.

•

சில நாள் கழித்து ராக்கியண்ணன் சிரித்த முகத்தோடு பட்டறைக்கு வந்தான்.

"சரியாயிருச்சுங்க மேஸ்திரி. துளிகூட இழுக்கறதில்லை."

"வலது பக்கத்தைப் பாத்தீங்களா?"

"இடது பக்கத்தை அடக்கிட்டேனுங்க. அடங்கிருச்சு."

"வீடு?"

"அதுவும் நிம்மதியா இருக்குதுங்க. சத்தமே இல்லை."

சென்னியப்பன் கையைத் துடைத்தார். ஜீப்பைச் சுற்றிவந்தார். இடது சக்கரத்தில் காய்ந்துபோயிருந்த குங்குமத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"முதல் இறக்கம் இறக்குனீங்களா?"

"இன்னும் இல்லீங்க. உங்களைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"வாங்க, போலாம்."

மலைமேல் ஏறும்போது ராக்கியண்ணன் மகிழ்ச்சியாக ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். ஏற்றத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். மேல் வளைவில் திருப்பி, இறக்கத்தில் விட்டான்.

முன்னால் சாலை இறங்கிப்போய் ஒரு வளைவில் முடிந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. வளைவுக்கு முன்னால், சாலை வேலைக்காரர்கள் கொட்டிவைத்த மண் மேடு ஒன்று இருந்தது.

"பிரேக்," என்றார் சென்னியப்பன்.

ராக்கியண்ணன் மிதித்தான்.

ஜீப் இடது பக்கம் இழுக்கவில்லை. வலது பக்கமும் இழுக்கவில்லை. நூல் பிடித்தாற்போல நேராகப் போனது.

போய்க்கொண்டே இருந்தது.

"மேஸ்திரி," என்றான்.

பெடலை ஏறி மிதித்தான். பின் சக்கரங்கள் மட்டும் முனகின.

"மேஸ்திரி!"

சென்னியப்பன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பினார். ஜீப் மண் மேட்டில் மூக்கைப் புதைத்து நின்றது. கண்ணாடி முழுக்கப் புழுதி. இஞ்சின் அணைந்துபோயிற்று. எங்கேயோ ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது.

ராக்கியண்ணனின் கால் இன்னும் பெடலை மிதித்தபடியே இருந்தது.

"நீங்க சொன்னது நெசந்தான்," என்றார் சென்னியப்பன். "இழுக்கலை."

•

இரண்டு பேரும் இறங்கினார்கள். ராக்கியண்ணன் சாலையோரம் உட்கார்ந்துவிட்டான்.

"அடங்கிருச்சுன்னுதானுங்க நெனச்சேன்."

"இடது பக்கத்தை முன்ன இருந்தாப்புல வெய்ங்க."

"மறுபடி இழுக்குமுங்களே."

"இழுக்கட்டும்."

ராக்கியண்ணன் ஸ்பேனரை எடுத்தான். அது இரண்டு முறை கையிலிருந்து நழுவி விழுந்தது. தளர்த்தியதையெல்லாம் திரும்ப முறுக்கினான். சென்னியப்பன் உதவிக்கு வரவில்லை. மண் மேட்டில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டார்.

பின்னால் எடுத்து, மெதுவாக இறக்கினார்கள். ஒவ்வொரு முறை மிதித்தபோதும் ஜீப் இடது பக்கம் முறைத்துக்கொண்டு போனது. ராக்கியண்ணன் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டினான். ஆனால் ஒவ்வொரு முறையும் நின்றது.

பட்டறை வாசலில் நிறுத்தினான்.

"இறங்குங்க," என்றார் சென்னியப்பன். "தொட்டுப் பாத்தீங்களா?"

ராக்கியண்ணன் திடுக்கிட்டான்.

"எதைங்க?"

"சக்கரத்தை."

அவன் இடது சக்கரத்துக்குள் கையை விட்டு பிரேக் டிரம்மைத் தொட்டான்.

"ஸ்ஸ்," என்று கையை உதறினான். விரல் நுனி சிவந்துவிட்டது.

"அந்தப் பக்கம்."

ராக்கியண்ணன் சுற்றிப் போனான். பயந்து பயந்து விரலை வைத்தான். பிறகு உள்ளங்கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

டிரம் சில்லென்று இருந்தது. மலை இறங்கிவந்த வண்டியின் சக்கரம் மாதிரியே இல்லை. ராத்திரியெல்லாம் பனியில் நின்றதுபோல இருந்தது.

"எது வேலை செஞ்சுது?" என்றார் சென்னியப்பன்.

ராக்கியண்ணன் இடது சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"கழட்டுங்க."

வலது சக்கரத்தைக் கழற்றினான். லைனிங் புதுசு. ஒழுகல் இல்லை, விரிசல் இல்லை. பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் மட்டும் பழையது. ஆனாலும் பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. சென்னியப்பன் அதைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசித் துடைத்து, அவன் கையில் கொடுத்தார்.

"ஊதுங்க."

ராக்கியண்ணன் ஒரு முனையை வாயில் வைத்து ஊதினான். மறுமுனையில் விரலை வைத்துப் பார்த்தான். காற்று வரவில்லை.

மூச்சை இழுத்து, கன்னம் உப்ப ஊதினான். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

ஒன்றும் வரவில்லை.

"உள்ள அடைச்சிருக்குதுங்க," என்றான்.

"ம்."

"வெளிய ஒண்ணுமே தெரியலையுங்க."

"ம்."

"சத்தம் இல்லை. ஒழுகல் இல்லை. நான் இதைத் தொடவே இல்லையுங்க. நல்லாத்தானே இருக்குதுன்னு விட்டுட்டேன். அந்தப் பக்கம் ஒத்தையில புடிச்சுப் புடிச்சு இழுத்துட்டு இருந்திருக்குது. நான் அதைப் போயி..."

நிறுத்திவிட்டான்.

கையிலிருந்த ஹோஸைப் பார்த்தான். சிவந்த விரலைப் பார்த்தான்.

ஹோஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். ஸ்பேனர்களை எடுக்கவில்லை. சக்கரத்தை மாட்டவில்லை. மேஸ்திரியிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பட்டறையில் நின்ற யாருடைய மொபெட்டையோ எடுத்துக்கொண்டு போனான்.

சென்னியப்பன் கூப்பிடவில்லை. ஜீப்பின் இடது சக்கரத்துக்கு முன்னால் போய், அது ஆறட்டும் என்று, குனிந்து ஒரு கை தண்ணீர்கூட ஊற்றாமல், சும்மா நின்றார். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட்டுவிடும்.

•

வீடு அமைதியாக இருந்தது.

கிரிதரன் வாசலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா எப்படி இருக்குது?"

"நல்லாருக்குதுங்கப்பா."

"போயிப் பாத்தியா?"

"காலைல சோறு வெச்சுக் குடுத்தேனுங்கப்பா."

ராக்கியண்ணன் உள்ளே போனான். மாராத்தாள் மல்லாந்து படுத்திருந்தாள். கால்மேல் போர்வை கிடந்தது. ஜன்னலோரம் ஊதுவத்தி புகைந்தது. அத்தனை ஊதுவத்தி எதற்கு என்று இத்தனை நாளாக அவன் கேட்டதில்லை.

"ஏனுங்க, இந்நேரத்துக்கே வந்துட்டீங்க?"

"காலு எப்படி இருக்குது?"

மாராத்தாள் சிரித்தாள்.

"வலி போயிருச்சுங்க."

"என்னைக்கிருந்து?"

"பாப்பா வந்துட்டுப் போனாளே, அதுக்கு மறுநாள்லருந்து. அன்னைக்கெல்லாம் உசுரு போற வலி. இப்போ ஒண்ணுமே தெரியலை. நல்லாயிருச்சாட்டருக்குது. அவளுக்குச் சொல்லீருங்க, பாவம்."

ராக்கியண்ணன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். போர்வையை விலக்கினான். துணிக்கட்டு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே விரல்கள் வேறு நிறத்தில் இருந்தன.

இரண்டு கையையும் நீட்டி, இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் பிடித்தான்.

ஒன்று வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மாராத்தாள். "கூசுதுங்க."

"எந்தக் காலு?"

"இந்தக் காலுதான். புண்ணுக் காலையும் புடிச்சிருக்கறீங்களா என்ன?"

அந்தக் காலிலிருந்து அவன் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, துளசிமணிக்குப் போட்டான். அவனாகக் கூப்பிட்டுப் பேசி எத்தனையோ காலம் ஆயிற்று. எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அம்மா இருக்குதா?" என்றாள்.

"இருக்குது கண்ணு."

அவள் மூச்சு விட்டது கேட்டது.

"வலி இல்லைங்குது," என்றான்.

பதில் இல்லை.

"தொட்டுப் பாத்தேன் கண்ணு. ஒரு காலு சில்லுனு கெடக்குது."

பதில் இல்லை. போன் கட் ஆகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தான். ஆகவில்லை. மறுபடி காதோடு வைத்து அழுத்தினான். பஸ் போகும் சத்தம் கேட்டது. யாரோ அவளை என்னவென்று விசாரிப்பது கேட்டது. அவள் குரல் மட்டும் இல்லை. பிறந்ததிலிருந்து அவள் இப்படி வாயடைத்துப்போய் அவன் பார்த்ததில்லை.

"கத்து கண்ணு," என்றான் ராக்கியண்ணன். "என்னை ஏதாச்சும் சொல்லிக் கத்து."